நிழலின் தலையில் ஒளிவட்டம்

கொடைக்கானலுக்குப் போய்வரும் நம் குடும்பங்கள், திரும்பி வந்ததும் ஏரியைப் பற்றிப் பேசும். பிரையண்ட் பூங்காவின் மலர்களைப் பற்றிப் பேசும். அந்தப் பூங்காவுக்கு அணித்தே, மலையின் விளிம்பை ஒட்டி வளைந்து செல்லும் ஒரு நடைபாதையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 'கோக்கர்ஸ் வாக்' என்பது அதன் பெயர். 1872-ஆம் ஆண்டில் கோக்கர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி அமைத்த பாதை அது. முழுத் தூரமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். மூட்டுவலியுள்ள மூதாட்டியரும் இடையிடையே அமர்ந்து நடந்துவிடலாம். ஒருபுறம் கம்பித் தடுப்பு. அதற்கப்பால் நிலம் சட்டென்று கீழே இறங்கிவிடும். வானம் தெளிந்திருக்கும் வேளையில் பள்ளத்தாக்கும், அதற்கும் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளியும் விரித்த பாய்போல் கிடப்பதைக் காணலாம். மேகம் வந்து மூடிவிட்டால் ஒன்றுமே தெரியாது. நுழைவுக் கட்டணம் வீணாயிற்றே என்று முகம் சுளித்துத் திரும்புவோரும் உண்டு. உண்மையில் அந்த நடையின் அரிய காட்சி மேகம் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

உயரத்தில் நடக்கும் மனிதனுக்குத் திருமறையில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பூமியைப் பிளக்கவும் உன்னால் ஆகாது, மலைகளின் உயரத்தை எட்டவும் உன்னால் ஆகாது, பின் எதற்காகச் செருக்கோடு நடக்கிறாய் என்ற கருத்து, பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் வருகிறது. லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையிலும் நடையைப் பற்றிய பேச்சு உண்டு. மலைப்பாதையில் கால் வைக்கும்போது இவை நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் நான் இங்கே எழுத முற்பட்டது, கீழே உள்ளவர்களை மேலிருந்து பார்ப்பவனின் செருக்கைப் பற்றியன்று. அதனினும் நுட்பமான, அதனால் அதனினும் ஆபத்தான ஒன்றைப் பற்றி.

பிற்பகல் சாயும் நேரம். கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னே தாழ்ந்து நிற்கிறது. முன்னே பள்ளத்தாக்கில் வெண்மேகம் நிறைந்து ததும்புகிறது. அவ்வேளையில் தடுப்பருகே நிற்பவரின் நிழல் அந்த மேகத்தின்மீது விழும். நிழல் என்றால் நம் வாசலில் விழும் நிழல்போலன்று. பூதாகாரமான உருவம், மேகம் அசைய அசையத் தானும் நீண்டு சுருங்கி அசையும். அந்த உருவத்தின் தலையைச் சுற்றி வானவில்லின் நிறங்களோடு ஒரு வட்டம், சில வேளை இரண்டு மூன்று வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகத் தோன்றும். வெளிவிளிம்பு சிவப்பு, உட்பக்கம் நீலம் கலந்த ஒளி. ஜெர்மனி நாட்டில் ஹார்ட்ஸ் மலைத்தொடரிலுள்ள புரொக்கன் என்னும் சிகரத்தில் இதனைக் கண்டு சில்பர்ஷ்லாக் என்பவர் 1780-இல் எழுதி வைத்தார். அதனால் 'புரொக்கன் பூதம்' என்று உலகம் இதற்குப் பெயரிட்டுவிட்டது. பூதம் என்று அஞ்சியவர் கண்டது தம்மைத்தான்.

அவ்வளவு பெரிதாக ஏன் தோன்றுகிறது? நிழல் உண்மையில் அவ்வளவு பெரிதன்று. மேகத்தில் அளவு பிடிக்க மரமோ வீடோ இல்லை. ஆகவே அருகிலுள்ள மேகத்தை நாம் தொலைவிலுள்ளதாக எண்ணிவிடுகிறோம். தொலைவிலிருந்தும் இவ்வளவு இடத்தை அடைக்கிறதே என்று கருதிப் பெரிதாகக் காண்கிறோம். ஒரு பொருளின் பருமனை நாம் அதன் தொலைவைக் கணித்தே அறிகிறோம் என்பதை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த பஸராவின் மேதை இப்னுல் ஹைதம் விளக்கியிருக்கிறார். அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவதற்கும் அவர் இவ்வழியிலேயே காரணம் சொன்னார். கண் வாங்கித் தருவதைக் கணிப்பு பிழையாக விலை மதிக்கிறது என்று இதனைச் சொல்லலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் ஆன்மிகத் தேட்டத்தைச் சொல்லும் 'அல்முன்கித்' என்னும் நூலில் ஐம்புலன்களை ஐயுறத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட சான்று நிழல்தான். பார்க்கும்போது அசையாமல் நிற்பதாகத் தோன்றும் நிழல், சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. கண்ணின் சாட்சியத்தை அறிவு தள்ளுபடி செய்த முதல் வழக்கு அது.

இவையெல்லாம் நிழலின் பருமனைப் பற்றியவை. தலையைச் சுற்றிய வட்டத்தின் செய்தி வேறு. கோக்கர்ஸ் வாக்கில் ஒரு குடும்பத்தார் ஐவர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐவரின் நிழலும் மேகத்தில் விழுகிறது. ஐவரையும் ஒவ்வொருவரும் காண்கிறார்கள். ஆனால் ஒளிவட்டம் ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது. அதுவும் பார்ப்பவரின் சொந்தத் தலையைச் சுற்றி. மற்ற நால்வரும் வெறும் நிழல்கள். அடுத்தவரைக் கேட்டால் அவர் வேறு சொல்வார்: வட்டம் என் தலையிலல்லவா இருக்கிறது, உங்கள் தலையில் ஒன்றையும் காணோமே என்பார்.

இது வேடிக்கைப் பேச்சன்று, பதிவான செய்தி. பூமியின் வடிவத்தை அளந்தறிய 1735-இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தார் தென்னமெரிக்காவின் கீட்டோ நாட்டுக்கு ஒரு குழுவை அனுப்பினர். அக்குழுவில் இருந்த பூகே என்னும் அறிஞரும், உடன் சென்ற ஸ்பானிய அதிகாரி உல்லோவாவும் மற்றவர்களும் ஆண்டீஸ் மலையின் பம்பமார்க்கா உச்சியில் ஒரு காலைப் பொழுதில் இக்காட்சியைக் கண்டனர். அளவுக்கருவிகளோடு போனவர்களாதலால் அவர்கள் வியந்ததோடு நிற்கவில்லை. ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தம் தலைக்கே வட்டம் கண்டதாகவும், தோழர்களின் நிழலில் எதையும் காணவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். கேட்டுப் பார்த்ததுதான் அவர்களின் பெருமை என்பேன். கேட்காமலிருந்திருந்தால் அந்த உச்சியிலிருந்து அத்தனை பேரும் தத்தம் தலையில் முடிசூடிக்கொண்டு இறங்கியிருப்பார்கள்.

கேட்காமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. இத்தாலியப் பொற்கொல்லரும் சிற்பியுமான செல்லினி (1500–1571) தம் வாழ்க்கையைத் தாமே எழுதியவர். உரோமாபுரியில் சிறையிருந்த பிறகு தம் தலைமேல் ஓர் ஒளி தங்கிவிட்டதென்றும், காலை வேளையில் பனி படிந்த புல்லின்மேல் விழும் தம் நிழலில் அதனைக் காணலாமென்றும் அவர் எழுதினார். தாம் தேர்ந்தெடுத்த சிலருக்கு அதனைக் காட்டியதாகவும் சொல்கிறார். எப்படிக் காட்டினாரோ! பார்த்தவர் குனிந்து பார்த்திருந்தால் தம் நிழலைச் சுற்றியே ஒளி கண்டிருப்பார். மரியாதைக்காகச் சும்மா இருந்திருப்பார். சீன நாட்டின் எமெய் மலையில் இதே வட்டத்தைப் புத்தரின் ஒளி என்று யாத்திரிகர் போற்றினர். அந்த ஒளி தம்மை அழைப்பதாக எண்ணிப் பாறை விளிம்பிலிருந்து பாய்ந்து மாண்டவர்களைப் பற்றியும் சொல்வர். தன் நிழலைத் தழுவப் போய் உயிர் துறப்பதென்பது எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்கும் செய்தி.

ஓவியங்களில் வரும் ஒளிவட்டம் வேறு வகை. தேவாலயங்களில் புனிதர் படங்களுக்கு அதனை வரைகிறார்கள். ஐரோப்பியப் படங்களைப் பார்த்து மொகலாய ஓவியர்களும் ஜஹாங்கீர் பாதுஷாவின் (ஆட்சி 1605–1627) தலைக்குப் பின்னே பொன்வட்டம் தீட்டினார்கள். முகத்துதி என்றே வைத்துக்கொண்டாலும், அது ஒருவர் தலையில் மற்றொருவர் கண்ட வட்டம். மேகத்தில் விழுவதோ தன் தலையில் தானே காண்பது. இரண்டுக்கும் உள்ள தூரம் மரியாதைக்கும் மமதைக்கும் உள்ள தூரமாகும்.

இதைக் காணக் கொடைக்கானல் வரை போகவேண்டும் என்பதில்லை. எங்கள் பக்கம் மலையே கிடையாது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி, திருவைகுண்டம் அணையையும் கடந்து, நெல்வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, புன்னக்காயலில் கடலோடு கலக்கும்போது, அங்கே பனைமரத்தையும் கோபுரத்தையும் மினாராவையும் விட உயரமானது ஒன்றுமில்லை. ஆயினும் பருவமழைக்குப் பிறகு ஆற்றுநீர் கலங்கி ஓடும் நாட்களில், புன்னக்காயல் முகத்துவாரத்தில் வள்ளத்தின் விளிம்பில் நின்று, வெயிலுக்கு முதுகைக் காட்டித் தண்ணீரில் விழும் தம் நிழலைக் குனிந்து பாருங்கள். சிற்றலை புரளும் கலங்கல் நீரில் அந்த நிழலின் தலையிலிருந்து நாற்புறமும் ஒளிக்கதிர்கள் ஆரக்கால்கள்போல் விரிந்து துடிப்பதைக் காணலாம். உடன் நிற்கும் மீனவரின் நிழலில் அது இராது. அவர் கண்ணுக்கு அவர் நிழலில் இருக்கும். அதுபோலவே மார்கழி, தை மாதங்களில் ஆற்றுப் பாசனத்தில் பிசானப் பயிர் பச்சையாக நிற்கும் காலத்தில், விடிந்து சற்று நேரத்தில் வரப்பில் நடப்பவர் தம் நீண்ட நிழலைப் பயிரின்மேல் பார்த்தால், தலை விழும் இடத்தைச் சுற்றி மட்டும் பனித்துளிகள் வெள்ளொளி வீசுவதைக் காண்பார். செல்லினி கண்டது இதனைத்தான். கொடைக்கானலில் செல்வர் காசு கொடுத்துப் பார்ப்பதை, நம் வயலில் களையெடுக்கப் போகும் பெண் காசில்லாமல் பார்க்கிறாள். நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை என்பது வேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் கிப்ரையும் உஜ்பையும் ஒரே பகுதியில் வைத்து ஆராய்ந்தார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. கிப்ரு என்னும் செருக்குக்கு இன்னொருவர் வேண்டும். யாரைவிடத் தன்னை உயர்ந்தவன் என்று எண்ணுவதோ அந்த ஆள் வேண்டும். உஜ்பு என்னும் தன்வியப்புக்கு எவரும் வேண்டியதில்லை. உலகில் ஒரே ஒரு மனிதன் படைக்கப்பட்டிருந்தாலும் அவனுக்கு உஜ்பு வரலாம். கிப்ரு வர வழியில்லை என்பது இமாமவர்களின் கருத்து. இப்லீஸுக்கு ஆதம் (அலை) தேவைப்பட்டார்கள். நெருப்பையும் மண்ணையும் ஒப்பிட்ட பிறகே அவன் வீழ்ந்தான். காரூனுக்கு எவரும் தேவைப்படவில்லை. தன் களஞ்சியத்தைப் பார்த்தான், இது என் அறிவால் வந்தது என்றான், அவ்வளவே. திருவள்ளுவரும் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில் தன்னை வியத்தலைத் தனியே எடுத்துக் கடிந்திருக்கிறார். தொன்றுதொட்டே தமிழ்நிலத்தில் இந்நோய்க்குப் பெயர் இருந்திருக்கிறது.

கேள்வி இதுதான்: தன் தலையில் ஒளியைக் காண்பவன் பொய்யைக் காண்கிறானா? பயானில் பலர் அப்படித்தான் சொல்லிவிடுகிறோம். உன்னிடம் ஒன்றுமில்லை, நீ வெறும் மண் என்று இடித்துரைத்தால் தன்வியப்பு அகன்றுவிடும் என்று நம்புகிறோம். அகல்வதில்லை. காரணம், அந்த ஒளி பொய்யன்று. மேகத்தின் நீர்த்துளிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ளவை. அவை கதிரவனின் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்புகின்றன. ஆகவே கதிரவனுக்கு நேர் எதிரே, அதாவது பார்ப்பவரின் தலைநிழல் விழும் புள்ளியைச் சுற்றி, வட்டம் தோன்றியே தீரும். இதன் முழுக்கணக்கைப் போடுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் கணித வல்லுநர்கள் வரவேண்டியிருந்தது. ஆக, ஒளியுண்டு. வணிகத்தில் நேர்மையாக இருந்தவனின் நேர்மையும், இரவில் எழுந்து தொழுதவனின் தொழுகையும் உண்மையே. அதை இல்லை என்று சொல்லச் சொல்வது அவனைப் பொய் சொல்லச் சொல்வதாகும். இமாமவர்களும் உஜ்பை விளக்கும்போது நிஃமத் இல்லை என்று சொல்லவில்லை. அருட்கொடையைப் பெரிதாகக் கண்டு அதில் சாய்ந்துகொண்டு, அதைக் கொடுத்தவனோடு அதற்குள்ள தொடர்பை மறப்பதே உஜ்பு என்றார்கள்.

மறப்பது எப்படி நிகழ்கிறது என்பதையும் அந்த மலைப்பாதை காட்டிவிடுகிறது. வட்டத்தைக் காணவேண்டுமானால் கதிரவனுக்கு முதுகைக் காட்டியே நிற்கவேண்டும்; வேறு வழியில் அதனைக் காண இயலாது. திரும்பிக் கதிரவனை நோக்கிய கணத்திலேயே வட்டம் மறைந்துபோகும். அதே கொடைக்கானல் மலையில் 1901-லிருந்து கதிரவனை மட்டுமே நோக்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கதிரவனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்பவர் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். ஒரே ஊரில் முதுகைக் காட்டி நிற்கும் இடமும் இருக்கிறது, முகத்தைக் காட்டி நிற்கும் இடமும் இருக்கிறது.

எனினும் முதற்சிக்கல் இன்னும் தீரவில்லை. ஒளி கொடுத்தவனுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகும், அது என் தலையில் மட்டும்தானே இருக்கிறது என்ற எண்ணம் எஞ்சி நிற்கலாம். அல்லாஹ் எனக்குத்தான் கொடுத்திருக்கிறான் என்று சொல்லி அல்ஹம்துலில்லாஹ்வும் சொல்லிக்கொள்ளும் பேர்வழிகளை நாம் அறிவோம். அவர்கள் கதிரவனை மறந்தவர்களல்லர், அடுத்தவரைக் கேளாதவர்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் அகீதா நூல், மனிதன் அறிவு பெறும் வழிகள் மூன்று என்று தொடங்குகிறது: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. பாடம் கேட்கும் இளம்பிள்ளைகள், செய்தியை ஏன் புலனுக்குச் சமமாக எண்ண வேண்டும், கண்ணால் கண்டதல்லவா பெரிது என்று வினவுவதுண்டு. அவர்களுக்கு இந்த மலையைத்தான் உவமையாகச் சொல்வேன். அடுத்தவர் தலையில் ஒளி உண்டா என்பதை என் கண் எந்நாளும் அறிய முடியாது. எத்தனை கூர்மையான கண்ணாயினும் முடியாது. நான் நிற்கும் இடம் அப்படி. நான் அவர் இடத்துக்கு நகர்ந்தாலும் வட்டம் என்னோடு நகருமேயன்றி அவர்மேல் ஏறாது. அவர் வாயால் சொல்லக் கேட்டு, அவர் பொய்யர் அல்லர் என்று நம்பி, பிறகு இருவர் கண்டதும் எப்படி மெய்யாகும் என்று அறிவால் பொருத்திப் பார்க்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இரு சகோதரர்கள் ஒரு வழக்கோடு என்னிடம் வந்தனர். ஊரும் பேரும் வேண்டா. வாப்பா முன்பே காலமாகிவிட்டார்; உம்மா ஒன்பது ஆண்டுகள் படுக்கையில் கிடந்து மௌத்தானார். மூத்தவர் ஊரிலேயே இருந்து கவனித்தவர். இளையவர் வெளிநாட்டில் ஒரு கடையில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியவர். வீட்டைப் பிரிப்பதில் பேச்சு முறிந்திருந்தது. ஃபராயிளின் கணக்கில் ஐயமில்லை. ஆண்மக்கள் இருவருக்கும் சமபங்கு. அவர்களுக்கும் அது தெரியும். உண்மையான வழக்கு வேறு: உம்மாவைப் பார்த்துக்கொண்டவர் யார்?

"ஆலிம்ஷா, உம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த கை இது" என்று மூத்தவர் தம் கையை நீட்டினார். "காக்கா சொல்வது பொய்யில்லை. மருந்தும் மருத்துவரும் எந்தப் பணத்தில் வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்" என்றார் இளையவர். இருவரும் மாறி மாறி ஒரு மணி நேரம் பேசினார்கள். எவரும் ஒரு சொல்லும் மிகைப்படுத்தவில்லை என்பதை என்னால் உணர முடிந்தது. கடைசியில், இப்போது ஒருவர் மற்றவருடைய வழக்கைச் சொல்லுங்கள் என்றேன். "தம்பி பணம் அனுப்பினான்" என்று மூத்தவர் சொல்லி நிறுத்திக்கொண்டார். "காக்கா கூட இருந்தார்கள்" என்று இளையவர் சொல்லி நிறுத்திக்கொண்டார். தம்மைப் பற்றி அரைமணி நேரம்; உடன்பிறந்தவரைப் பற்றி மூன்று சொல்.

அப்போது உள்ளேயிருந்து மூத்தவரின் மனைவியின் குரல் கேட்டது. "வெள்ளிக்கிழமைதோறும் இவர்கள் ஜும்ஆவுக்குப் போனபிறகு தம்பி போன் பண்ணுவார்கள், ஆலிம்ஷா. மாமியால் பேச முடியாது. போனை மாமியின் வாய்க்கருகே பிடிக்கச் சொல்லி மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். இவர்களும் மூன்று தடவை ஹஜ்ஜுக்குப் பணம் சேர்த்தார்கள். மாமியை விட்டுப் போக மனமில்லாமல் மூன்று தடவையும் தள்ளி வைத்தார்கள். தம்பிக்குச் சொல்ல வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்." வீடு ஃபராயிள்படியே பிரிந்தது. அவர்கள் கட்டித் தழுவிக்கொண்டதாகவெல்லாம் நான் எழுதமாட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து போகும்போது மூத்தவர் தம்பியைப் பார்த்து, "எத்தனை மணிக்குப் போன் பண்ணுவாய்?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது ஆண்டுகளும் அந்த மூதாட்டியைக் குளிப்பாட்டியது யார், சோறு ஊட்டியது யார் என்ற கேள்வியை அண்ணனும் எழுப்பவில்லை, தம்பியும் எழுப்பவில்லை. உள்ளேயிருந்து பேசியவரும் அதைச் சொல்லவில்லை.

ஒரு முஃமின் மற்றொரு முஃமினுக்குக் கண்ணாடி என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் பெரும்பாலும் குறை காட்டும் கண்ணாடியாகவே விளங்கிக்கொள்கிறோம். கண்ணாடி அழுக்கை மட்டுமா காட்டும்?

குடும்பத்துக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடி ஊர்களை விழுங்கியது. படகு செலுத்தியவர், சோறு ஆக்கியவர், இடம் கொடுத்தவர் என்று எத்தனையோ பேர் எத்தனையோ ஊர்களில் இரவு பகலாக நின்றார்கள். வெள்ளம் வடிந்தபின் நான் கேட்ட கதைகளிலெல்லாம் சொன்னவருடைய தெருதான் நடுவில் இருந்தது. அவற்றுள் பொய்யான கதை ஒன்றும் இல்லை. பக்கத்து ஊராரையும் பிற சமயத்தவரையும் கேட்டு எழுதி ஒன்றாக வைத்துப் பார்த்தாலன்றி அந்த நாட்களின் உண்மை எவருக்கும் முழுமையாகக் கிடைக்காது.

இங்கே ஒரு தடை எழலாம். எல்லார் தலையிலும் ஒளி உண்டென்றால் நல்லவனுக்கும் தீயவனுக்கும் வேறுபாடு என்ன? உழைத்தவனையும் உழையாதவனையும் ஒரே தட்டில் நிறுத்துவதா? நியாயமான தடைதான். மேகத்தின் வட்டம் திருடன் தலைக்கும் வலியுல்லாஹ்வின் தலைக்கும் ஒருபோலவே தோன்றும். ஆகவே அது எவருடைய தகுதிக்கும் அளவுகோல் ஆகாது. நான் சொல்வதும் அதுவே. காழி வழக்கை விசாரிக்கும்போது வாதி தன்னைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பைக் கேட்பதில்லை. செயலைக் கேட்கிறார், சாட்சியைக் கேட்கிறார். தீர்ப்பு வேண்டிய இடத்தில் தீர்ப்பு வேண்டும். இளையவர் பணம் அனுப்பாமல் இருந்திருந்தால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் நமக்குத் தெரிந்த அளவில் செயலை எடைபோடுவது ஒன்று. எனக்குத் தெரியவில்லை, ஆகவே அவரிடம் இல்லை என்று முடிவு கட்டுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்ய எவருக்கும் அதிகாரம் வழங்கப்படவில்லை. பிறர்மீது நல்லெண்ணம் வை என்று மார்க்கம் சொல்வது மென்மையான மனத்துக்கு மட்டும் உரிய உபதேசமன்று. நிற்கும் இடத்தின் குறையை அறிந்தவன் செய்யவேண்டிய திருத்தம் அது.

மற்றொரு வகையினரையும் சொல்லியாகவேண்டும். என் தலையில் ஒன்றுமில்லை, நான் பாவி, நான் ஒன்றும் அறியாதவன் என்று சபை நடுவே சொல்லிக்கொண்டு, இல்லை இல்லை என்று எவராவது மறுக்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாதுலிய்யா தரீக்காவினர் போற்றும் இப்னு அத்தாவுல்லாஹ் (ரஹ்) அவர்கள், தன்னிடம் பணிவு இருப்பதாகத் தானே நிலைநாட்டுபவன்தான் மெய்யான செருக்கன் என்ற கருத்தை 'ஹிகம்' நூலில் சொல்லியிருக்கிறார்கள். ஆலிம்களாகிய எங்கள் வகுப்பாரிடையே இது சற்று மிகுதி. வட்டத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்பவனைவிட, இருக்கிறது, உங்களுக்கும் தெரிகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கும் சிறுபிள்ளை மேல்.

கோக்கர்ஸ் வாக்குக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்து மேகமும் வெயிலும் ஒத்துழைத்தால், குடும்பத்தார் எல்லாருடைய நிழலும் வட்டமும் படத்தில் விழும். கருவியும் கண்ணைப் போலத்தான். அது எங்கிருந்து பார்க்கிறதோ அந்த இடத்தின் நிழலைச் சுற்றியே வட்டத்தைப் பதிவு செய்யும். ஊருக்கு வந்து அந்தப் படத்தை உம்மாவிடம் காட்டினால், வரிசையாக நிற்கும் நிழல்களுள் எவர் தலையில் வட்டம் இருக்கிறதென்று பார்த்து, இதை எடுத்தது யார் என்று அவர் சொல்லிவிடலாம்.